கப்பலில் முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, நினைத்த நேரமா?

சிங்கப்பூரில் ஏறும் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் போடும்போது அறை, பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் கேட்டு முடித்தபிறகு கடைசியில் ஒரு சின்னக் கேள்வி வரும். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? தினமும் குறித்த நேரத்தில் சீக்கிரமா, குறித்த நேரத்தில் தாமதமாகவா, இல்லை நினைத்த நேரத்தில் வந்து சாப்பிடுகிறீர்களா? நம் ஆட்கள் பலர் இதைப் படிக்காமலே ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அதனால் கஷ்டப்பட்டவர் என் அப்பா. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. அந்தத் தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை, நாங்களும் டவுனுக்கு வந்து வீடு வாங்கிப் பல வருடம் ஆகிறது, ஆனால் அப்பாவின் உடம்பு இன்னும் தோட்டத்து நேரத்தில்தான் ஓடுகிறது. பெரட்டு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவது, இப்போது இல்லாவிட்டாலும் விடிகாலை 4.30-க்கு எழுந்துவிடுவார். சாயங்காலம் குளித்து, அம்மா விளக்கேற்றி முடித்ததும் 7 மணிக்கு முன்பே சோறு, 9 மணிக்குப் படுக்கை. பதினைந்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), இப்போது ஊசி.

அவருக்குக் கப்பல் என்றாலே ரஜூலாதான். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம்வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தாத்தா அதில்தான் வந்தார், தளத்தில் பாய் விரித்துப் படுத்து. அப்படி வந்தவரின் மகனை வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்காரவைத்து ஒரு வேளையாவது சாப்பிட வைக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் ஒன்பது பேர் கிளம்பினோம்: அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகன்.

சரி, முதலில் இந்த மூன்று வகையும் எப்படி வந்தன என்று பார்த்துவிடுவோம், அது புரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது.

சிங்கப்பூரிலிருந்து ஓடியிருக்கும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம், ஓவேஷன், ஆந்தம் மாதிரிக் கப்பல்களில் அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டாலே 4,100 பேருக்கு மேல் வருவார்கள். அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் உட்காரவைக்கும் அளவுக்குப் பிரதான சாப்பாட்டு மண்டபம் எந்தக் கப்பலிலும் கிடையாது. கல்யாண மண்டபத்தில் முந்நூறு இலை போடும் இடத்துக்கு அறுநூறு பேர் வந்தால் நாம் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். முதல் பந்தி மாலை 5.30, 6 மணி வாக்கில். இரண்டாம் பந்தி 8, 8.30 வாக்கில். கார்னிவல் கப்பல்களில் 6 மணியும் 8.15-ம், டிஸ்னியில் 5.45-ம் 8.15-ம் வழக்கம். உங்களுக்கு ஒரு மேசை எண் கொடுத்துவிடுவார்கள், பயணம் முடியும்வரை அதே மேசை, அதே நேரம், பரிமாறுபவரும் அவரே.

மூன்றாவது, நினைத்த நேரம். இதை ராயல் கரீபியன் ‘மை டைம்’ என்கிறது, கார்னிவல் ‘யுவர் டைம்’, செலபிரிட்டி ‘செலக்ட்’. மண்டபத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கியிருப்பார்கள், திறந்திருக்கும் நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எந்த மேசை காலியோ அது. நார்வீஜியன் கப்பல்களில் 2000-லிருந்து பந்தி முறையே இல்லை, எல்லாருக்கும் நினைத்த நேரம்தான். ராயல் கரீபியனும் 2014-ல் குவாண்டம் கப்பலை விட்டபோது பந்தியை எடுத்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை, பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே மேசையும் தெரிந்த முகமும் வேண்டும் என்று நினைக்கிற பயணிகள் இன்னும் நிறைய இருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. டிஸ்னியில் இரண்டையும் கலந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: நேரம் குறித்தது, ஆனால் ஒவ்வோர் இரவும் வேறு உணவகம், பரிமாறுபவர் மட்டும் உங்கள் கூடவே உணவகம் மாறி வருவார்.

எந்த வகையை எடுத்தாலும் சாப்பாட்டுக்குத் தனிக் காசு இல்லை. பஃபே எல்லாருக்கும் திறந்திருக்கும். ஆகவே நேரம் தவறிவிட்டால் பட்டினி கிடக்க வேண்டுமோ என்ற பயம் வேண்டாம்.

யாருடைய நேரத்தை வைத்து முடிவு செய்வது

எங்கள் முதல் பயணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் இரண்டாம் பந்தியைப் போட்டிருந்தார், நானும் சரிபார்க்கவில்லை. இரவு 8 மணி. வீட்டிலும் 8 மணிக்குச் சாப்பிடுகிறவன் நான், அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

கப்பல் ஏறும் நாள் நம் ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தில் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் தாண்டவேண்டும் என்று குளுவாங்கிலிருந்து விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் குடிநுழைவு, அப்புறம் மரினா பே முனையத்தில் மறுபடி வரிசை. ஏறியதும் பஃபேயில் மதியச் சாப்பாடு. அப்புறம் கப்பலிலும் ஒரு பெரட்டு உண்டு: ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூடவேண்டும் என்று ஒவ்வொருவரும் போய்ப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளும் பயிற்சி, ஆங்கிலத்தில் அதற்கும் தோட்டத்துப் பெரட்டுக்குச் சொல்லும் அதே ‘மஸ்டர்’ என்ற சொல்தான். அப்பா அதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டார். ஆனால் 7 மணி ஆனபோது அவர் எழுந்து பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டில் செய்கிற மாதிரியே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், 7.30-க்கு அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினார். மண்டபத்தின் வாசலில் கூட்டம். உட்கார்ந்ததும் மெனு கொடுத்தார்கள், ஒன்பது பேரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். “என்னப்பா, இன்னும் தண்ணிதான் ஊத்துறாங்க” என்றார் அப்பா. கொஞ்ச நேரத்தில் அவர் பேசவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். பக்கத்து மேசைக்குப் பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தான், குடித்துக் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனாலும் அன்று இரவு எங்களில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: உங்கள் கூட்டத்தில் யாருடைய வயிறும் உடம்பும் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாதோ, அவரை வைத்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது வயதானவர், சில வீட்டில் கைக்குழந்தை. மற்ற எல்லாராலும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே சமாளிக்க முடியும், அவரால் முடியாது. டிக்கெட் போடுகிறவரின் வசதியை வைத்து முடிவு செய்தால் எங்கள் கதைதான்.

ஊசி போடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. கப்பல் மண்டபத்தில் குறித்த நேரம் என்பது உட்காரும் நேரம், சாப்பாடு வரும் நேரம் இல்லை. நடுவில் இருபது நிமிடம், அரை மணி ஆகலாம். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை அறையில் போடாமல் கையில் எடுத்துப்போய், முதல் தட்டு மேசைக்கு வந்தபிறகு போடுவது எங்களுக்குச் சரியாக வந்தது, உங்கள் மருத்துவரிடம் பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடையை முதலில் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவந்துவிடுவார்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

முதல் பந்தி நம் குடும்பங்களுக்கு ஏன் ஒத்துவருகிறது

பந்திக்கு முந்து என்று சும்மா சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் டிக்கெட் போடும்போதே முதல் பந்தி எடுத்தோம், 5.30. “வெயில்ல சோறா அண்ணே?” என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். 1982-ல் தீபகற்ப மலேசியா சபா, சரவாக் நேரத்துக்கு மாறியது, சிங்கப்பூரும் கூடவே மாறியது, அதனால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. கடிகாரத்தில் 5.30 என்றால் சூரியக் கணக்கில் 4.30-கூட ஆகவில்லை. வெளியே பளீர் என்று வெயில் அடிக்கும்போது இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவது முதல் நாள் விநோதமாகத்தான் இருக்கும்.

அதற்கு ஒரே வழி, மதியச் சாப்பாட்டை 12 மணிக்கு முடித்துவிட்டு, 3 மணிக்கு பஃபே பக்கம் போகாமல் இருப்பது. அப்படி இருந்தால் 5.30-க்குப் பசி வந்துவிடும். நிதானமாகச் சாப்பிட ஒன்றரை மணி நேரம் ஆகிறது, முடித்து வெளியே தளத்துக்கு வந்தால் 7 மணி. வடக்கே போகும் கப்பலில் இடது பக்கம் நின்றால் மலாக்கா நீரிணையில் சூரியன் இறங்குவது தெரியும். அப்பாவும் அம்மாவும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து வானம் கறுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ராத்திரி 10 மணிக்குப் பசிக்கிற இளவட்டங்களுக்கு பீட்சா கடை திறந்திருந்தது. நமக்குத்தான் சப்பர் பழக்கம் உண்டே.

ஆனால் முதல் பந்தியின் பெரிய நன்மை நேரம் இல்லை, தெரிந்த முகம். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. அம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளி சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம். தங்கை மகனுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம் ஒவ்வோர் இரவும் புதிய ஆளிடம் முதலிலிருந்து சொல்வது எவ்வளவு அலுப்பு என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலும் சூப்பில் என்ன எலும்பு போட்டார்கள், குழம்பின் மேல் ஊற்றியது எதிலிருந்து எடுத்த சாறு என்று கேட்கும் அளவுக்கு அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்கும் அவருக்கும் நடுவில் மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். குறித்த மேசையில் முதல் நாள் ஒரே ஒரு தடவை சொன்னோம். இரண்டாம் நாள் பரிமாறுபவரே, இந்தத் தட்டு அம்மாவுக்கு ஆகாது, அதற்குப் பதில் இன்னொன்று தருகிறேன் என்றார். மூன்றாம் நாள் நாங்கள் உட்காரும் முன்பே பொடியாக நறுக்கிய மிளகாயும் சோயாவும் மேசையில் இருந்தது.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாது: மெனுவில் இல்லாத இந்தியச் சாப்பாடு வேண்டுமென்றால் முந்தின இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைக்கலாம், முடிந்தால் சமைத்துத் தருகிறார்கள். பருப்பு, காய்கறிக் கறி, சோறு என்று எங்களுக்குக் கிடைத்தது. நம் வீட்டுச் சுவை இருக்காது, வட இந்தியப் பக்குவம். ஆனால் மூன்று நாள் வெண்ணெயும் பாலாடையும் சாப்பிட்ட வாய்க்கு அது பெரிய ஆறுதல். இப்படி முந்தின நாள் சொல்லி மறுநாள் வாங்குவது ஒரே ஆள் பரிமாறும் மேசையில்தான் சுலபமாக நடக்கிறது. முழுச் சைவம், கடலை ஒவ்வாமை போன்றவற்றை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள், புறப்படுவதற்கு ஒன்றரை மாதமாவது முன்னால். கப்பலில் ஏறியபிறகும் மறுபடி சொல்லுங்கள்.

எங்கே இடிக்கும்

கரை இறங்கும் நாளில் இடிக்கும். முக்கியமாகப் புக்கெட். பத்தோங் கடற்கரைக்கு எதிரே பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை ஏற்றி இறக்குவது வழக்கம். திரும்பி வரும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் வரிசைக்கு வருவார்கள், வெயிலில் நிற்கவேண்டும், கப்பலுக்குள் வந்து மணலைக் கழுவிக் குளித்து 5.30-க்கு மேசையில் உட்காருவது நடக்காத காரியம். நாங்கள் அன்று பந்தியை விட்டுவிட்டோம், நேராக பஃபே. முந்தின இரவே பரிமாறுபவரிடம் நாளை வரமாட்டோம் என்று சொல்லிவிட்டால் போதும், அவரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். கைப்பேசி கரைக்கு வந்ததும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்து இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடையில் நின்றுகொண்டிருந்தார், நல்லவேளை அப்பா கையில் பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்தார். பந்தி போனால் பரவாயில்லை, கப்பலே போய்விட்டால் என்ன செய்வது? கைப்பேசியில் நேரம் தானாக மாறுவதை நிறுத்தி வையுங்கள், அன்றைக்குக் கப்பல் நேரம் எது என்று இறங்கும்போது வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை. சுவெட்டன்ஹம் துறையில் கப்பல் கரையோடு நிற்கும், லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதற்கப்புறம் 5.30-க்கு யாருக்கும் பசிக்காது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் பந்தி யாருக்கு? பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பம், நிதானமாகக் குளித்து உடுத்தி வர நினைக்கும் தம்பதிகள், வீட்டிலும் 8 மணிக்கு மேல் சாப்பிடுகிறவர்கள். கரை இறங்கும் நாளில் அவசரம் இல்லை என்பது இதன் பெரிய வசதி. பின்னால் வேறு யாரும் அந்த மேசைக்குக் காத்திருக்க மாட்டார்கள், அதனால் எழுப்பிவிடும் அவசரமும் குறைவு. சின்னப் பிள்ளைகளை மட்டும் இதில் போடாதீர்கள், இனிப்பு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

அரங்கக் காட்சிகளைப் பொதுவாகப் பந்தியை வைத்துத்தான் அமைக்கிறார்கள். முதல் பந்தி முடித்தவர்களுக்கு 9 மணி வாக்கில் காட்சி, இரண்டாம் பந்திக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் 7 மணி வாக்கில் பார்த்துவிடலாம். அப்பா மாதிரி 9 மணிக்குப் படுக்கிறவர்களுக்குக் காட்சி போய்விடும், அதற்கு மதியம் கொஞ்சம் தூங்கி எழுவது தவிர வேறு வழியில்லை.

நினைத்த நேரம் எடுப்பதென்றால்

இரண்டு பேர், நாலு பேர் போனால் எனக்கும் இதுதான் பிடிக்கும். நானும் மனைவியும் மட்டும் ஒரு தடவை போனபோது இதையே எடுத்தோம். ஒரு நாள் 6 மணிக்கு, ஒரு நாள் 8.30-க்கு, ஒரு நாள் போகவே இல்லை. தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரவேண்டிய கட்டாயமும் இல்லை, குறித்த நேரத்தில் தம்பதிகளை மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைப்பது உண்டு.

ஆனால் நினைத்த நேரம் என்றால் போனதும் இடம் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. 6.30-லிருந்து 7.30 வரை எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் பசிக்கிறது. அந்த நேரம் வரிசை நீளும். 5.45-க்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் 8-க்குப் பிறகு போங்கள். ஒன்பது பத்துப் பேர் முன்பதிவு இல்லாமல் போய் நின்றால், அவ்வளவு பெரிய மேசை காலியாகும்வரை காக்க வைப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடுவார்கள். வயதானவர்களை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுவார்த்தை நடத்துவது நல்ல அனுபவம் இல்லை.

இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது, இதைத்தான் எங்கள் கடைக்குட்டி அத்தை குடும்பம் செய்தது. நினைத்த நேரம் எடுத்துவிட்டு, கப்பலின் செயலியில் எல்லா இரவுக்கும் 6.30 என்று முன்பதிவு செய்துவிட வேண்டும். முதல் நாள் பரிமாறியவரைப் பிடித்திருந்தால், வாசலில் நிற்பவரிடம் தினமும் இவர் பகுதியிலேயே எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்த முகமும் கிடைக்கும், புக்கெட் அன்று மட்டும் நேரத்தை 8 ஆக்கிக்கொள்ளலாம். 5.30 ரொம்பச் சீக்கிரம், 8 ரொம்பத் தாமதம் என்று நினைக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆறு பேர்வரை நான் இதைத் தைரியமாகச் சொல்வேன், அதற்கு மேல் என்றால் முதல் பந்திக்கே போங்கள்.

செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்

டிக்கெட் போடும் அன்றே நேரத்தைச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் போகும் கப்பல்களில் முதல் பந்தி சீக்கிரம் நிரம்பிவிடும், பிள்ளைகளோடு வரும் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடச் சொல்லுங்கள். உறுதிச் சீட்டு வந்ததும் சாப்பாட்டு நேரம் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

நாங்கள் மூன்று அறை எடுத்தோம், அதனால் மூன்று பதிவு எண்கள். இந்த மூன்றையும் இணைத்து வைக்கும்படி டிக்கெட் போடுகிறவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே குடும்பம் மூன்று மூலையில் உட்கார நேரிடும், ஒருவருக்கு முதல் பந்தியும் இன்னொருவருக்கு இரண்டாம் பந்தியும்கூட வந்துவிடலாம். சக்கர நாற்காலி, நடப்பதில் சிரமம் இருந்தால் வாசலுக்குப் பக்கத்து மேசை வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கப்பல் ஏறியதும் செயலியிலோ அறை அட்டையிலோ மேசை எண்ணும் நேரமும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்று மதியமே சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய்த் தலைமைப் பரிமாறுபவரைப் பார்க்க வேண்டும், இப்படி மாற்றக் கேட்பவர்களுக்காக முதல் நாள் மதியம் அங்கே ஆள் இருப்பார். நீச்சல் குளம், பஃபே எல்லாம் அப்புறம். முதலில் போகிறவர்களுக்கு மாற்றம் கிடைக்கிறது, சாயங்காலம் போனால் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். முதியவருக்கு இனிப்பு நீர், ஊசி என்று காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாங்கள் முதல் பயணத்தில் அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலை போய்ச் சொன்னோம், அன்று மாலையே முதல் பந்தியில் மேசை கொடுத்தார்கள்.

உடை விஷயம் எளிது. மூன்று நாலு இரவுப் பயணத்தில் பொதுவாக ஓர் இரவு மட்டும் நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். நம் பெண்களுக்குப் புடவை, ஆண்களுக்கு பாத்தேக் சட்டை போதும். மற்ற இரவுகளிலும் அரைக்கால் சட்டையும் செருப்பும் வேண்டாம்.

பரிமாறுபவர்களுக்கான சேவைத் தொகை ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உங்கள் கணக்கிலேயே ஏறும், நீங்கள் எந்த நேரம் எடுத்தாலும் அது ஒன்றுதான். ராயல் கரீபியனில் 2023 கடைசியில் சாதாரண அறைக்கு அதை 18.50 அமெரிக்க டாலர் ஆக்கினார்கள். ஒன்பது பேர், மூன்று இரவு என்றால் 499.50 டாலர். நம் வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கில் இது சின்னத் தொகை இல்லை, ஆகவே டிக்கெட் விலை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், நீங்கள் போகும்போது என்ன தொகை என்று முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் மேசைக்குப் பரிமாறியவருக்குக் கடைசி நாள் அப்பா தனியாக ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார், அது அவரவர் விருப்பம்.

கடைசி இரவு பெரிய பைகளைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ராத்திரியே எடுத்துப் போய்விடுவார்கள். முதல் பந்தி என்றால் சாப்பிட்டு வந்து ஆறஅமரக் கட்டலாம், இரண்டாம் பந்தி என்றால் சாப்பாட்டுக்குப் போகும் முன்பே முக்கால்வாசி கட்டி வைத்துவிட்டுப் போங்கள். ஊசி மருந்து, மாத்திரை, பாஸ்போர்ட், மறுநாள் போடும் துணி, செருப்பு, இவை எதுவும் அந்தப் பைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி மருந்து உங்கள் அறையின் சின்னக் குளிர்பெட்டியில் இருக்கும், அதை எடுக்க மறக்காதீர்கள்.